இருட்டிய பிறகு கொட்டாஞ்சேனை

கொழும்பின் இரவைப் பற்றி விளம்பரம் எழுதுகிறவர்கள் கொள்ளுப்பிட்டியில் தொடங்குகிறார்கள். காலிமுகத்திடலில் இறால் வடை தின்ன ஒரு தரிப்பு. அப்புறம் பேரை வாவிப் பக்கத்துச் சூதாட்ட விடுதி, மொட்டைமாடி மதுச்சாலைகள், கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேர் துறைமுக நகரம். கோட்டைக்கு வடக்கே அவர்களுடைய வரைபடம் வருவதில்லை. கொட்டாஞ்சேனை அடங்கிய கொழும்பு 13 என்றால் பகலில் நகை வாங்கப் போகிற இடம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டிய இடம். அண்மைக் காலத்தில் அடிக்கடி வந்த துப்பாக்கிச் சூட்டுச் செய்திகள் அந்த எண்ணத்தை இன்னும் இறுக்கிவிட்டன.

ஆண்டில் பல இரவுகள் கொட்டாஞ்சேனை படுப்பதே இல்லை என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மாசியில் சிவராத்திரி. வெசாக் பௌர்ணமிக்கு இரண்டு மூன்று இரவுகள். ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். ஆடியில் வேல். நவராத்திரியின் ஒன்பது இரவுகள், நோன்பு மாதத்தின் முப்பது இரவுகள், நத்தார் நள்ளிரவுப் பூசை. பட்டணத்துக் கூட்டமும் வெளிச்சமும் தீனியும் இங்கே உண்டு. நூறு, நூற்றைம்பது வருடத்து மரபும் அதே தெருவில், அதே நேரத்தில் உண்டு. நுழைவுச் சீட்டு யாரும் கேட்பதில்லை. இதைத்தான் நான் கொழும்பின் உண்மையான இரவு வாழ்க்கை என்கிறேன். இதைக் கணக்கில் எடுக்காத எந்தச் சுற்றுலாத் திட்டமும் அரைகுறைத் திட்டம் என்றும் சொல்கிறேன்.

பட்டணத்து வெளிச்சம், பழைய மரபு என்ற இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சீனாவின் பெருநகரங்கள் பெரும் பணம் செலவழிக்கின்றன. சியான் நகரத்தில், யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஏடுகளைப் பாதுகாக்க 652இல் எழுப்பிய காட்டுவாத்துக் கோபுரத்தின் தெற்கே, சுமார் இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நடைவீதி போகிறது. தாங் வம்சத்தின் ‘இரவில்லாத நகரம்’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இருட்டியதும் வீதி முழுவதும் விளக்கேற்றம். ஆங்காங்கே மேடைகளில் பழைய நடனமும் வாத்தியமும். பார்க்க வருகிற இளம் பெண்களே தாங் காலத்து நீண்ட அங்கியை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு, தலையில் பூச்சூடி நடக்கிறார்கள். படத்தில் பார்க்கும்போதே கண்ணைப் பறிக்கிறது.

அந்த நகரம் சாங்கான் என்ற பெயரில் தாங் மன்னர்களின் தலைநகராக இருந்தபோது இரவில் பூட்டிக் கிடந்த நகரம் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. மதில் சூழ்ந்த நூற்றுக்கு மேற்பட்ட பேட்டைகளாக அதைப் பிரித்திருந்தார்கள். மாலையில் முரசு அறைந்ததும் ஒவ்வொரு பேட்டையின் கதவும் மூடப்படும். அதற்குப் பிறகு பெருவீதியில் அகப்பட்டவனுக்குக் கசையடி. ஆண்டின் முதல் பௌர்ணமியையொட்டி வரும் விளக்குத் திருவிழாவின் சில இரவுகளில் மட்டும் கதவுகள் திறந்திருக்கும். அந்தச் சில இரவுகளுக்காக ஊரே காத்திருந்தது. சாதாரண மனிதனுக்கு இரவைத் திறந்துவிட்டது அங்கேயும் திருவிழாதான்.

ஊரடங்கு என்றால் என்னவென்று கொட்டாஞ்சேனைக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஊர் ஏன் இரவில் விழிக்கிறது என்ற கேள்விக்கு விடை துறைமுகத்தில் இருக்கிறது. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டிய அலைதாங்கியோடு கொழும்புத் துறைமுகம் பெருகியது. மூட்டை சுமக்கவும் படகு தள்ளவும் கணக்கெழுதவும் ஆட்கள் வந்தார்கள்: தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர், தூத்துக்குடிப் பக்கத்துப் பரதர், மலையாளிகள், ஏற்கெனவே இருந்த கொழும்புச் செட்டிகள், சோனகர், சிங்களக் கத்தோலிக்கர். கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொட்டாஞ்சேனையின் ஓரத்தில் ஒரு தெருவையே தங்கள் பேரில் ஆக்கிக்கொண்டார்கள். பகல் முழுவதும் முதலாளிக்கும் கப்பலுக்கும் சொந்தம். குளித்து, வெள்ளை உடுத்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வர அவர்களுக்கு இருந்தது இரவு மட்டுமே. பூசையும் பிரசங்கமும் ஊர்வலமும் இரவில் நீண்டதற்குச் சாத்திர விதிகள் இருக்கலாம். ஆனால் கூட்டம் விடியும்வரை நின்றதற்குக் காரணம், மூட்டை இறக்கிய தோளுக்கு அப்போதுதான் ஓய்வு கிடைத்தது.

நாடகமும் அப்படித்தான் இங்கே வேர்விட்டது. ஜிந்துப்பிட்டி ஒரு காலத்தில் நாடகத்துக்குப் பேர்போன இடம். தமிழகத்து நாடகக் கொம்பனிகள் கப்பலேறி வந்து இங்கே ஆடின. 1910களில் கலையரசு சொர்ணலிங்கம் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கியபோது, ராப்பொழுதில் உட்கார்ந்து நாடகம் பார்க்கப் பழகிய ஒரு கூட்டம் நகரத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது. பிறகு சினிமா வந்தது. கொட்டாஞ்சேனை செல்லமஹாலில் இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு நடந்தே வீடு போன கதை இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

சிவராத்திரிக்கு வருவோம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் 1856இல் கட்டினார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் முடித்து, முழுவதும் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்பும் உப்புக்காற்றில் உதிர்கிற துறைமுக ஊரில் இப்படி ஒரு கற்கோயில் வேறு கிடையாது. பகலில் போனால் தூண்களின் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வரலாம். சிவராத்திரி இரவில் போகிறவர்களுக்கு அது வேறு கோயில். நான்கு சாமப் பூசைக்கும் இடையே தேவாரம், கதாப்பிரசங்கம், நடனம் பயிலும் சிறுமிகளின் அரங்கேறாத ஆட்டம். கருங்கல் தரை நள்ளிரவுக்கு மேல் உள்ளங்காலில் குளிர ஆரம்பிக்கும். மண்டபத்தில் பாயை விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, விசிறிக்கொண்டே ஐந்தெழுத்தைச் சொல்லும் தாய்மார் ஒரு பக்கம். கண்விழிக்க வேண்டும் என்ற வைராக்கியத்தோடு வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடந்துகொண்டே இருக்கும் பையன்கள் மறுபக்கம். அவர்களுடைய பார்வை சிவலிங்கத்தில் மட்டும் பதிந்திருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அதில் தப்பும் இல்லை. கொட்டாஞ்சேனையில் எத்தனை கல்யாணங்களின் தொடக்கம் ஒரு சிவராத்திரி என்று கிழவிகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஒரே கோயிலோடு யாரும் நிற்பதில்லை. வரதராஜ விநாயகர், ஜிந்துப்பிட்டி முருகன், செட்டியார் தெருக் கதிரேசன் என்று கோயில் கோயிலாகச் சுற்றுவார்கள். அந்தச் சுற்றில் சைவக் கடைகளில் சூடாக ஏதாவது குடிப்பது, தெரிந்தவர்களைச் சந்தித்து நின்று பேசுவது, கொம்பனி லீவு தருமா தராதா என்று விவாதிப்பது எல்லாம் அடங்கும். இலங்கையில் மகா சிவராத்திரி அரசாங்க விடுமுறை நாள் என்பது இந்தச் சுற்றுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை உழைக்கிறவர்கள் அறிவார்கள்.

விடுமுறை என்றதும் வெசாக்கின் கதையைச் சொல்லவேண்டும். அது கொட்டாஞ்சேனையில் இரத்தத்தோடு தொடங்கிய கதை. கிறிஸ்தவப் பாதிரிமாரோடு 1873இல் பாணந்துறையில் வாதம் புரிந்து பேர்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இங்கே தீபதுத்தாராமய விகாரையில் இருந்தார். விகாரையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சென். லூசியாஸ் தேவாலயம். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, விகாரை விழாவுக்காக மேளதாளத்தோடு வந்த பௌத்த ஊர்வலம் தேவாலயப் பகுதியில் தாக்கப்பட்டுக் கலவரமாயிற்று, உயிரும் போனது. நியாயம் கிடைக்கவில்லை என்ற பௌத்தர்களின் முறைப்பாட்டை, அவர்கள் பக்கம் நின்ற அமெரிக்கர் ஒல்கொட் 1884இல் லண்டனுக்கே கொண்டுபோனார். விளைவாக 1885 முதல் வெசாக் பௌர்ணமி பொது விடுமுறை ஆயிற்று. அவ்வருடம் ஏப்ரல் 28, அந்த முதல் விடுமுறை நாளில், இன்று உலகமெங்கும் பறக்கிற பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது தீபதுத்தாராமயவில்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பாடசாலையில் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

அதே தெருக்களில் இன்று வெசாக் இரவு எப்படி இருக்கிறது? வீட்டுக்கு வீடு மூங்கில் சட்டத்தில் கடதாசி ஒட்டிய வெசாக் கூடு. புளூமெண்டால், கிராண்ட்பாஸ், தொட்டலங்க பக்கம் போனால் மரச்சட்டத்தில் பல மாடி உயரத்துக்கு எழுப்பிய பந்தல்கள். நடுவில் புத்தர், சுற்றிலும் ஒரு ஜாதகக் கதையைச் சொல்லும் சித்திரத் தட்டுகள். ஆயிரக்கணக்கான வண்ண மின்குமிழ்கள் வட்டமாகவும் அலையாகவும் ஓட, ஒலிபெருக்கியில் ஒருவர் அந்தக் கதையைப் பாட்டாகச் சொல்வார். ஒரு கதை முடிந்து மீண்டும் தொடங்கும்வரை கூட்டம் நிற்கும். தன்சல் என்ற தானப் பந்தல்களில் சோறும் ஐஸ்கிரீமும் மரவள்ளிக்கிழங்கும் கொடுப்பார்கள். வரிசையில் நிற்பவர்களில் தமிழர், முஸ்லிம் யார் என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தப் பந்தலின் மூதாதையைப் பார்த்து எழுதிவைத்தவர் ஒரு சீனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு வருடம் இலங்கையில் தங்கிய பாகியான், அனுராதபுரத்தில் புனித தந்தத்தின் ஊர்வலத்தைக் கண்டார். போதிசத்துவர் முற்பிறவிகளில் எடுத்த ஐந்நூறு வடிவங்களை வண்ணம் தீட்டி, உயிருள்ளவை போலச் செய்து, ஊர்வல வீதியின் இரு மருங்கிலும் நிறுத்தியிருந்தார்கள் என்று குறித்திருக்கிறார். அபயகிரியில் அதன்பின் தொண்ணூறு நாட்கள் இரவு பகலாக விளக்கேற்றிக் கொண்டாடியதையும் சொல்கிறார். ஜாதகக் கதையைத் தெருவோரம் நிறுத்தி, விளக்கு வைத்து, நடந்து போகிறவனுக்குக் காட்டுவது ஆயிரத்து அறுநூறு வருடத்துப் பழக்கம் என்றால், தொட்டலங்கப் பந்தலை இனி வேறு கண்ணோடுதான் பார்க்க முடியும். அதே பாகியான் அபயகிரியில் புத்தர் சிலையின் முன் ஒரு வணிகர் காணிக்கையாக வைத்திருந்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு, ஊர் நினைவு வந்து கண்ணீர் விட்டவர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து வேல் ரதத்தின் முன் நின்று அழுகிற எங்கள் பெண்களை அவர் விளங்கிக்கொண்டிருப்பார்.

சீனத்துக்கும் நமக்கும் உள்ள பழைய உறவைப் பேசினால், கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒரு கல்லையும் சொல்லாமல் விட முடியாது. கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது; 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது; 1911இல் காலியில் கிடைத்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பேரிலும் காணிக்கை சொல்கிறது. அதற்கும் முன்னால், 1281இல், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயில் அமைத்துத் தமிழில் கல்வெட்டுப் பொறித்த வணிகர்களும் இருந்தார்கள். மூன்று சாமிகளுக்கும் ஒரே கல்லில் காணிக்கை எழுதிய அந்தச் சீனத் தளபதிக்கு, துறைமுக ஊர் எப்படி வாழ்கிறது என்பது தெரிந்திருக்கிறது. கொட்டாஞ்சேனை அப்படித்தான் வாழ்கிறது.

கொச்சிக்கடையில் இதை நேரே பார்க்கலாம். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடுத்திருந்த காலத்தில் அந்தோனியோ என்ற குருவானவர் இங்கே மறைந்திருந்ததாகவும், கடல் ஊரை அரித்தபோது மீனவர்கள் கேட்டுக்கொள்ள அவர் சிலுவை நாட்டிச் செபித்ததில் கடல் பின்வாங்கியதாகவும் நம்பிக்கை. 1822இல் கோவாவிலிருந்து கொண்டுவந்த அந்தோனியார் சொரூபம். 1834இல் அபிஷேகம் செய்யப்பட்ட தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளில் வருகிறவர்களில் பொட்டு வைத்தவர்களும் வெள்ளைச் சேலை உடுத்த பௌத்தப் பெண்களும் ஏராளம். காணாமற்போன பொருளுக்கு, கிடைக்காத விசாவுக்கு, குடிக்கிற புருஷனுக்கு, எல்லாவற்றுக்கும் இங்கே மெழுகுதிரி எரிகிறது.

ஜூன் 13 மாலையில் சொரூபம் வீதிக்கு வரும். பவனி போகும் பாதையில் வீடுகளின் வாசலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, படமும் பூவும் விளக்கும் வைத்திருப்பார்கள். தலைக்கு மேலே மின்குமிழ்ச் சரங்கள். பாண்டு வாத்தியம் முன்னே போக, செபமாலை தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறி ஒலிக்கும். பவனி தாண்டிப் போனபின்னும் தெரு கலையாது. தும்பு முட்டாஸ், கச்சான், மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும், பலூன், வளையல், பிளாஸ்டிக் துப்பாக்கி. எங்கள் தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்கு முதல் வளையல் ஒன்று வேலில் கிடைத்தது, இல்லாவிட்டால் அந்தோனியாரில் கிடைத்தது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையின்போது அந்தத் தேவாலயத்துக்குள் குண்டு வெடித்தது. அன்றிரவே ஊரடங்கு. வெசாக் வந்தது, பந்தல்கள் பெரும்பாலும் எழும்பவில்லை. நோன்பு மாதம் வந்தது. முஸ்லிம் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு நோன்பு திறந்தன. ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கக் கூசிய நாட்கள் அவை. ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முந்தின மாலையில், சீர்செய்யப்பட்ட தேவாலயம் மீண்டும் திறந்தது. ஆயுதம் தாங்கியவர்கள் சுற்றி நின்ற அந்தத் திருநாளில் கூட்டம் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் சனம் வந்தது.

வேலைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. கதிர்காம யாத்திரையில் காலரா பரவியதால் ஆங்கில அரசு யாத்திரிகர்களைக் கட்டுப்படுத்தியது. கதிர்காமத்துக்குப் போக முடியாவிட்டால் வேலை இங்கேயே வலம் வரவைப்போம் என்று கொழும்பிலிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முடிவெடுத்தார்கள். 1874இல் தொடங்கியது ஆடிவேல். காலையில் செட்டியார் தெருவிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போய்ச்சேர இருட்டிவிடும். ஒவ்வொரு கடை முதலாளியும் தன் வாசலில் ரதத்தை நிறுத்தி அர்ச்சனை செய்வார். தேங்காய் சிதறி வீதி வெள்ளையாகும். ரதத்தின் பின்னால் பஜனைக் கோஷ்டி, காவடி, கற்பூரச் சட்டி. புறக்கோட்டையின் நெருக்கத்திலிருந்து வெளிப்பட்டுக் காலிமுகத்திடலில் திரும்பும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கும். அந்த இடத்தில் எழுகிற அரோகரா ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

சிங்கள மக்களுக்கும் அது ‘வேல்’தான். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியோரம் கரும்புக் கட்டுகளைச் சாத்திவைத்து விற்ற இரவுகளையும், குடும்பத்தோடு வந்து கரும்பும் இனிப்பும் வாங்கிப் போனதையும் முதிய சிங்களவர்கள் இன்றும் ஆசையோடு பேசுவார்கள். நகரத்தின் வடக்கு முனையிலிருந்து தெற்குக்கு, செட்டியார் தெருவின் கிட்டங்கியிலிருந்து வெள்ளவத்தையின் புதிய தமிழ்க் குடியிருப்புக்கு, ஒரு நாளில் நடந்து காட்டிய பாதை அது. இன்று 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் இணைத்துவிடலாம். வேலோடு நடந்தவர்களுக்கு அந்த இரண்டும் ஒரே ஊர்.

1983 ஜூலைக்குப் பின்னர் அந்த ஊர்வலம் பல ஆண்டுகள் நின்றிருந்தது. தெருவில் தமிழராகத் தெரிவதே ஆபத்தாக இருந்த காலத்தில் வெள்ளி ரதத்தை யார் இழுப்பது? போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனை இரவுக்கு வேறு அர்த்தம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வெளிநாட்டுப் பயணத்துக்காக வந்தவர்கள் செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, நள்ளிரவில் கதவு தட்டுகிற சுற்றிவளைப்பு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன், கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பிடித்து பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்த இரவுகளில் இந்த ஊர் விழித்திருந்தது பக்தியால் அல்ல.

பிறகு 2020. ஒக்டோபரில் பேலியகொடைக் கொரோனாக் கொத்தணி வந்தபோது வடகொழும்பு முழுவதையும் வாரக்கணக்கில் அடைத்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் இருக்கிற வத்தை வீடுகளுக்குத் தெருதான் முன்வாசல்; அதைப் பூட்டினால் என்ன மிச்சம்? 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. கொத்துக் கடைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் அடித்தன. அதே ஆண்டு செப்ரெம்பரில் சீனக் கடனில் எழுந்த தாமரைக் கோபுரம், சுமார் 350 மீற்றர் உயரத்தில், பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு நிறம்நிறமாக ஒளிர்ந்தது. எங்கள் மொட்டைமாடிகளிலிருந்தும் அது தெரியும். பிள்ளைகள் ரசிக்கிறார்கள், நானும் ரசிக்கிறேன். ஆனால் ஏறிப்பார்க்கப் பணம் கட்ட வேண்டிய வெளிச்சம் அது.

சாப்பாட்டைத் தொடாமல் கொட்டாஞ்சேனை இரவைப் பேசினால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். ஏழு மணிக்கு முன்னரே அப்பச் சட்டிகள் வரிசையாக அடுப்பில் ஏறிவிடும். எட்டு மணிக்கு மேல் எந்தச் சந்தியில் நின்றாலும் தகட்டில் கொத்து அடிக்கிற சத்தம் கேட்கும். அடிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித் தாளம் உண்டு. தவில்காரரின் கைபோல அதைக் கேட்டே கடையைச் சொல்லிவிடுவார்கள். “நானா, ஒரு இடியப்பக் கொத்து, முட்டை ரெண்டு, உறைப்புக் குறைச்சு” என்று தமிழிலும் சிங்களத்திலும் கலந்து ஓடர் போகும். நோன்பு மாதத்தில் மெசெஞ்சர் வீதிப் பக்கம் மாலையில் கஞ்சி, இரவுத் தொழுகைக்குப் பிறகு வட்டிலப்பம், சஹர் நேரம்வரை திறந்த கடைகள். செட்டியார் தெருவில் நகைப் பட்டறையை விட்டு இரவு வெளியே வரும் பத்தர்கள் சைவக் கடையில் தோசை தின்றுவிட்டுப் போவார்கள். இவையெல்லாம் திருவிழா இல்லாத நாட்களின் சாதாரண இரவுகள்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமான ஒன்று. மற்ற நாட்களில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு கொட்டாஞ்சேனைத் தெருக்களில் பெண்களைக் காண்பது அரிது. கொத்துக் கடை ஆண்களுடையது. சந்தி மூலை ஆண்களுடையது. நகரத்தின் பளபளப்பான மதுச்சாலைகளில் பெண்கள் இருக்கலாம். ஆனால் அங்கே போகக் காசும் ஓட்டோவும் வேண்டும், வீட்டில் பதில் சொல்லவும் வேண்டும். சிவராத்திரியில், வெசாக்கில், அந்தோனியார் பவனியில், வேலில் மட்டும் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் பெண்கள் கூட்டங்கூட்டமாக நடக்கிறார்கள். பாட்டியும் மருமகளும் பேத்தியும் கைகோத்து, சிரித்துப் பேசி, நடுவீதியில். அப்பாவிடம் சண்டை போடாமல் ஒரு பெண்பிள்ளை நள்ளிரவைப் பார்க்கக் கிடைத்த ஒரே வழி எனக்கும் அதுதான். சாமி என்றால் கேள்வி இல்லை. இரவில் தெருவில் நிற்பது எப்படி இருக்கும், வானம் எப்படி இருக்கும், மூடிய கடைகளின் முன் காற்று எப்படி வரும் என்பதை எங்கள் பெண்கள் திருவிழாக்களில்தான் அறிந்தார்கள்.

ஆகவே இரவுநேரப் பொருளாதாரம் பற்றி நகரத்தில் கூட்டம் போடுகிறவர்களிடம் கேட்க எனக்குச் சில இருக்கின்றன. பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். விழா இரவுகளில் கொட்டாஞ்சேனைக்குள் துறைமுகக் கொள்கலன் லொறிகளை விடாதீர்கள். பவனி போகிற சந்தியில் அவை உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பெண்கள் போகக்கூடிய கழிப்பறை நான்கைந்தாவது வையுங்கள். விடியும்வரை கண்விழிக்கும் சிவராத்திரியில் தண்ணீர் குடிக்கப் பயந்து இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். பக்கத்து ஒழுங்கைகளில் தெருவிளக்கு எரியவேண்டும். துப்பாக்கிக் கும்பலுக்கு இருட்டுத்தான் துணை. தீபதுத்தாராமய, சென். லூசியாஸ், பொன்னம்பலவாணேஸ்வரர், வுல்வெண்டால் தேவாலயம், கொச்சிக்கடை, செட்டியார் தெரு என்று ஒரு மாலையில் நடந்தே சுற்றிவரக்கூடிய இந்த ஊருக்கு, மூன்று மொழியிலும் ஒழுங்கான பெயர்ப்பலகை போடுங்கள். வெளிநாட்டார் வந்து பார்க்கட்டும். முதலில் கொழும்பு ஏழிலிருந்து வரட்டும்.

வேல் இரவில் பம்பலப்பிட்டியிலிருந்து திரும்பும் கொட்டாஞ்சேனைப் பெண்களுக்கு நள்ளிரவுக்கு மேல் 155 ஓடவேண்டும். ஓட்டோக்காரர் கேட்கிற கூலியைக் கொடுக்க முடியாமல், ரதம் போய்ச்சேருமுன்பே பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். விழாவுக்கு இரண்டு பஸ் கூடுதலாக விடுவது எந்த அமைச்சுக்கும் பெரிய செலவாக இருக்க முடியாது. அடுத்த ஆடிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.